எழுபத்து நாலாம் பக்கம்

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்கு மார்ஜின் அக்கா என்று பெயர் விழுந்து பதினைந்து வருஷம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் போடுகிற பதிப்பகம் அது. பக்கம் அமைப்பது அவள் வேலை. எழுத்து எங்கே உட்கார வேண்டும், படம் எங்கே நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்கிறவள் அவள்தான். பாடத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றால் போதும், எல்லாருடைய கண்ணும் பக்கத்தின் ஓரத்தில் மார்ஜின் என்று விடுகிற வெள்ளை இடத்துக்குப் போய்விடும். "அதான் சும்மா கிடக்கே, அங்க போடுங்களேன்" என்பார்கள். "சும்மா ஒண்ணும் கிடக்கல. பிள்ளைங்க கட்டை விரலை எங்க வைக்கும்? உங்க தலையிலயா?" என்று அவள் மல்லுக்கு நிற்பாள். அப்படி வந்த பெயர்.

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. தான் அமைத்த ஒரு புத்தகத்தையும் அவள் படித்ததில்லை. அவளைப் பொறுத்தவரை பாடம் என்பது பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான். அது கனமாக இருக்கிறதா, மெலிந்து இருக்கிறதா, படத்தை இடிக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அந்தத் திட்டு நரியைப் பற்றியதா, ரயிலைப் பற்றியதா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

இதற்கு நேர் எதிர் அவளுடைய பக்கத்து மேசை. அங்கே இருப்பவர் மெய்ப்புத் திருத்துகிறவர். கமா சார் என்று பெயர். ஒரு கமா இடம் மாறி நின்றால் ஒரு மைல் தூரத்திலிருந்து பிடித்துவிடுவார். படம் தலைகீழாக இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஆக, ஒருத்தி படிக்காமல் பார்ப்பாள், ஒருவர் பார்க்காமல் படிப்பார். இரண்டு அரைகுறைகளைச் சேர்த்துப் போட்டால் ஒரு முழுசு வந்துவிடும் என்று பதிப்பகம் நம்பிக்கொண்டிருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், பல வருஷம் அந்த நம்பிக்கை வீண் போகவில்லை.

மூன்றாம் வகுப்புப் புத்தகம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆனபோது ஒரு கடிதம் வந்தது. காலையில் எடிட்டர் மேடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே இவர்கள் மேசைக்கு வந்தார். மேடம் தன் அறையை விட்டு வெளியே வந்தாலே ஏதோ விவகாரம் என்று அர்த்தம்.

கடிதத்தை மேடமே படித்துக் காட்டினார். ஒரு ஆசிரியை எழுதியிருந்தார்: "என் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பதினோராம் பாடத்தில், தபால் நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு கேள்வி. முப்பத்தொரு பேர் பாடத்தை அப்படியே பார்த்து, லெஃப்ட் என்று எழுதினார்கள். ஒருத்தி மட்டும் ரைட் என்று எழுதினாள். நான் அவளுக்குத் தப்புப் போட்டேன். அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, 'படத்தைப் பாருங்க டீச்சர்' என்றாள். மூன்று முறை பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி உங்கள் முறை."

மேடம் புத்தகத்தைப் பிரித்து எழுபத்து நாலாம் பக்கத்தை மேசையில் வைத்தார். ஒரு தெருமுனை. புத்தகப் பையோடு ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். தலையை மட்டும் திருப்பித் தபால் நிலையத்தைப் பார்க்கிறாள். தபால் நிலையம் அவளுக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. படத்திலோ அது ஜம்மென்று வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது.

கமா சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வரி சரியாத்தானே இருக்கு மேடம். புள்ளிகூட வெச்சிருக்கு."

"வரி சரி சார். படம்?"

"படத்தை நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

மேடம் மார்ஜின் பக்கம் திரும்பினார். அவள் யோசிக்கவே இல்லை. "படம் எப்படி வந்துதோ அப்படியேதான் போட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் அவள் மனதார நம்பியது அதைத்தான்.

"அப்ப வரைஞ்சவர் தப்பா வரைஞ்சிருக்கார்" என்றார் மேடம். "மூணாம் வகுப்புப் பாடத்துல லெஃப்ட் எது ரைட் எதுன்னு தெரியாத ஆளை வெச்சுக்கிட்டு நான் எப்படி நாலாம் வகுப்புப் புத்தகம் போடறது? வேற ஒரு ஓவியர் வேலை கேட்டுக்கிட்டே இருக்காங்க. மூணு மணிக்கு வரச் சொல்லிப் பேசி முடிச்சிடறேன்."

இந்தப் படத்தை வரைந்தவனை மார்ஜினுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஓவியத் தம்பி என்றுதான் அவள் கூப்பிடுவாள். முப்பத்து நாலு வயது, வீட்டிலிருந்தே வேலை, கையில் ஒரு வயதுக் குழந்தை. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் அறுபது படம். அவனுடைய வருஷத்தில் பாதி அதில்தான் ஓடும். அது கை நழுவினால் அந்தப் பாதி வருஷம் அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாவம், ஏன் இப்படிக் கோட்டை விட்டான் என்று அவனுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டேதான் அவள் தன் கணினியில் அவனுடைய மூலப் படத்தைத் திறந்தாள். திருத்தம் போட எப்படியும் அது தேவைப்படும்.

படத்தில் தபால் நிலையம் இடப்பக்கம் இருந்தது.

மூலப் படத்தையும் அச்சான பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒன்று அசல், ஒன்று அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. திருப்பிப் போட்ட கை அவளுடையதேதான்.

எப்படி நடந்தது என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பக்கம் அமைக்கிறவர்களிடம் ஒரு விதி உண்டு: படத்தில் இருக்கிற முகம் புத்தகத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. வெளியே பார்த்தால் படிக்கிற பிள்ளையின் கண்ணும் அந்த முகத்தோடு சேர்ந்து ஜன்னல் வழியாக ஓடிவிடும். அந்தப் படம் முதலில் வலப்பக்கத்துத் தாளில் இருந்தது. சிறுமி இடப்பக்கம் பார்த்தாள், அதாவது புத்தகத்தின் நடுவைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அச்சுக்குப் போக நாலு நாள் இருக்கும்போது, இரண்டாம் பாடத்தில் ஒரு பாட்டுச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு பக்கம் கூடியது. அதற்குப் பின்னால் இருந்த பக்கமெல்லாம் ஒன்று தள்ளி, வலது இடதாகி, இடது வலதாகிப் போனது. புத்தகத்தில் இருந்த பாதிப் பேர் திடீரென்று வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியான நேரம் உட்கார்ந்து, அப்படிப் பார்த்த பதினொரு படங்களை அவள் இடம் வலமாகத் திருப்பினாள். ஒரு படத்துக்கு ஒரு சொடுக்கு. பூனையைத் திருப்பினால் என்ன, பால்காரரைத் திருப்பினால் என்ன? பத்துப் படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பதினொன்றாவது, இடது வலது சொல்லித் தருகிற பாடமாக இருந்து தொலைத்தது. அவள் அதைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கட்டடத்தின் பெயர்ப் பலகையில் எழுத்து இருந்திருந்தாலும் தப்பித்திருப்பாள். திருப்பியதும் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலப் புரண்டு காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் பலகைகளை வெறுமையாக விடச் சொல்வதே அவள்தான். புத்தகம் முழுக்க ஒரே எழுத்து வடிவம் இருக்க வேண்டும் என்று, படம் பக்கத்தில் ஏறிய பிறகு பலகை எழுத்தை அவளே போடுவாள். போட்டிருந்தாள். திருப்பிய பலகையில், அழகாக, நேராக.

அவள் மூலப் படத்தை மூடினாள். எழுந்து போய் ஒரு டீ வாங்கினாள். இங்கே அவளுக்குப் பரிந்து பேச வேண்டிய அவசியமில்லை. அவள் மனதில் ஓடியது இதுதான்: கணினியில் மூலப் படங்கள் இருக்கிற கோப்புகளை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள். போன வருஷம்தான் மூன்று பேர் இருந்த பக்க அமைப்புப் பிரிவை ஒரே ஆளாகக் குறைத்தார்கள். மிச்சம் வைத்த அந்த ஒரே ஆள் அவள். அந்த ஒரு ஆளும் எதற்கு என்று மேலிடத்தில் எவராவது கேட்க ஒரு சாக்குதான் பாக்கி. அந்தச் சாக்கை இதோ அவளே வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் இன்னொரு இடத்தில் போய், எனக்கு ஓரம் விடத் தெரியும் என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்?

ஓவியத் தம்பி அவனுடைய மூலப் படத்தைக் காட்டினாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது டீயில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. அப்படியே கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு இடத்துக்கு ஓடி வந்தாள். மேடம் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"போன்ல கேட்டுட்டேன்" என்றார் மேடம். "முதல்ல, பாத்துட்டுச் சொல்றேன்னார். பத்து நிமிஷத்துல அவரே கூப்பிட்டு, 'கவனக்குறைவு என்னோடதுதான் மேடம், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டார். அது வரைக்கும் மரியாதையான ஆள்தான்."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை மறைப்பானேன்? கால் தரையில் பாவியது, மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் அந்த நிம்மதி கசந்துபோனது. அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? பத்து நிமிஷம் என்றால் படத்தைத் திறந்து பார்க்காமலா இருந்திருப்பான்? பார்த்துவிட்டுமா அப்படிச் சொன்னான்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கமா சார், "சாப்பாட்டை வெச்சிட்டு எங்கம்மா ஓடறே?" என்று கேட்டது காதில் விழுந்தும் விழாத மாதிரி படியிறங்கினாள்.

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, துணி தேய்க்கிற கடைக்கு மேலே அவன் வீடு. படிக்கட்டெல்லாம் கீழேயிருந்து ஏறி வந்த ஆவியின் வெதுவெதுப்பு. கதவு திறந்தே இருந்தது. அவன் மனைவி மருத்துவமனையில் பகல் வேலை பார்க்கிறவள். அதனால் பகலில் குழந்தை அவன் பொறுப்பு. ஜன்னலோரம் மேசை, மேசையில் வரைகிற பலகை, மடியில் குழந்தை. குழந்தை வரைகிற பேனாவைத் தின்ன முயன்றுகொண்டிருந்தது.

"அக்கா! வாங்க, வாங்க. அந்தப் பொம்மையைத் தள்ளிட்டு உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. "படத்தை நான்தான் திருப்பினேன் தம்பி."

"தெரியும்க்கா."

"தெரியுமா? எப்படா தெரியும்?"

"மேடம் போன் பண்ணதும் திறந்து பாத்தேன். என் படத்துல போஸ்ட் ஆபீஸ் லெஃப்ட்லதான் இருக்கு. புத்தகத்துல ரைட்ல இருக்கு. அது தானா நடந்து போயிருக்காதே." அவன் சிரித்தான். குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சிரிக்காதே. தெரிஞ்சும் ஏன் உன் தலையில போட்டுக்கிட்டே? நாலாம் வகுப்பு உன் கையை விட்டுப் போகப் போகுது, தெரியுமா? மூணு மணிக்கு வேற ஆள் வராங்க. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இது என்ன வீரம்?"

"வீரமெல்லாம் இல்லக்கா. என்னை அனுப்பினா இன்னொரு பதிப்பகத்துக் கதவைத் தட்டுவேன். உங்களை அனுப்பிட்டா நீங்க எங்க போவீங்க? எல்லா இடத்துலயும் இப்ப கம்ப்யூட்டர்ல ரெடியா ஒரு பக்க அச்சு வெச்சிருக்காங்க, அதுல எல்லாத்தையும் கொட்டி எடுக்கறாங்க."

"அது என் கவலை. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அலமாரியிலிருந்து ஏழெட்டுப் பாடப்புத்தகங்களை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் போட்டான். எல்லாம் அவன் மற்ற இடங்களுக்கு வரைந்து கொடுத்தவை. "பாருங்க" என்றான்.

அவள் பார்த்தாள். பார்ப்பதுதானே அவள் தொழில். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ஒரு தச்சர் முழங்காலோடு நின்றிருந்தார். அதற்குக் கீழே மஞ்சள் கட்டத்தில் பயிற்சி. ஒரு குடும்பம் மொத்தமும் இடுப்போடு மிதந்தது. ஒரு நாயின் வால் மேல் பக்க எண் ஏறி உட்கார்ந்திருந்தது. ஓடுகிற பெண் ஒருத்திக்கு ஓடுவதற்குக் காலே இல்லை.

"இடம் பத்தலைன்னா எல்லாரும் காலைத்தான் வெட்டுவாங்க" என்றான் அவன். "முகம் இருந்தாப் போதும்னு நெனப்பு. நான் தரையிலேந்துதான்க்கா வரைய ஆரம்பிப்பேன். ஒருத்தர் எப்படி நிக்கறார்னு தெரிஞ்சாதான் அவர் யாருன்னே எனக்குத் தெரியும். உங்க பக்கத்துல மட்டும்தான் என் ஆளுங்க தரையில நிக்கறாங்க. ஆறு வருஷத்துல ஒரு காலைக்கூட நீங்க வெட்டினதில்ல."

"அது ... படம் நல்லா இருக்கணும்ல" என்றாள் அவள்.

"ரெண்டாம் வகுப்புல ஒரு தோட்டக்காரர் ஞாபகம் இருக்கா? செருப்பைக் கழட்டி ஓரமா விட்டிருப்பார். கடுகு அளவு செருப்பு. அந்த இடத்துக்கு ஒரு பயிற்சி வந்து விழுந்துது. நீங்க மேடம்கிட்ட சண்டை போட்டு அந்தப் பயிற்சியவே அடுத்த பக்கத்துக்குத் தள்ளிட்டீங்க. கமா சார்தான் சொன்னார். ஒரு செருப்புக்காக அரை நாள் சண்டைன்னு தலையில அடிச்சுக்கிட்டார். அன்னைக்கு நானும் என் வீட்டுக்காரியும் அந்தப் பக்கத்தை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்."

அந்தத் தோட்டக்காரர் அவளுக்கு ஞாபகம் இருந்தார். சண்டை ஞாபகம் இல்லை. அவள் போடுகிற நூறு சண்டையில் அதுவும் ஒன்று.

"அதனால, இந்த ஒரு தடவை உங்களுக்காக நான் நின்னா என்ன? அதுவும் இல்லாம எனக்கும் சுயநலம் இருக்குக்கா. நீங்க போயிட்டா அங்கயும் வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, குழந்தையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, மேசை நடுவில் அடுக்கினாள். அதுதான் அவள் கைக்கு வந்தது.

"அந்த ஒரிஜினலை ஒரு பிரதி எடுத்துக் குடு" என்றாள்.

"எதுக்குக்கா? உங்ககிட்டத்தான் இருக்கே."

"எங்கிட்ட இருந்து வந்தா நான் இப்பத் திருப்பி வெச்சேன்னுகூட நெனப்பாங்க. உன்கிட்ட இருந்து, தேதியோட வேணும்."

"வேண்டாம்க்கா. நான் ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதாவே இருக்கட்டும்."

"தம்பி" என்றாள் அவள். "செய்யாத தப்பை உன் கணக்குல வெச்சுக்கிட்டு நீ அங்க உட்கார்ந்திருந்தா, நான் எந்த முகத்தோட உன் படத்தைப் பக்கத்துல வைப்பேன்? குடு."

அவன் கொடுத்தான்.

அவள் திரும்பி வரும்போது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் புது ஓவியர், தன் படங்கள் அடங்கிய ஒரு பெரிய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவரைப் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மார்ஜின் அவரிடம், "அஞ்சு நிமிஷம், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கமா சாருக்கு மூக்கில் வேர்த்திருக்க வேண்டும். அவரும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார்.

அவள் மூலப் படத்தை மேசையில் வைத்தாள், பக்கத்தில் எழுபத்து நாலாம் பக்கத்தை வைத்தாள். "ஓவியர் சரியாத்தான் வரைஞ்சிருக்கார் மேடம். திருப்பினது நான். காலைல தெரியாமச் சொன்னேன். பத்தரை மணிக்குத் தெரிஞ்சுடுச்சு. அப்பறமும் சொல்லாம இருந்தேன். அதுவும் என் தப்புதான்."

மேடம் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவர் ஏன் ..."

"என்னைக் காப்பாத்த."

கதவருகிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது.

"மேடம், அந்தப் பக்கத்துல பிழை இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நான்" என்றார் கமா சார். "'லெஃப்ட்'னு நாலு தடவை படிச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையைத் தூக்கிப் படத்தைப் பாத்திருந்தா? அந்த மூணாங்கிளாஸ் பொண்ணு பாத்திருக்கு."

"நீங்க எதுக்கு சார் நடுவுல வர்றீங்க?" என்றாள் மார்ஜின்.

"ஏன், தப்பு உனக்கு மட்டும்தான் சொந்தமா?"

"நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்" என்றார் மேடம். "பாட்டைச் சேருங்கன்னு நாலு நாள் இருக்கும்போது சொன்னது யாரு? நான். காலைல ஒரிஜினலை எடுத்துட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம போனைத் தூக்கினது யாரு? அதுவும் நான்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நல்ல ஆபீஸ்டாப்பா இது. மத்த இடத்துல தப்பு யாரோடதுன்னு தேடணும். இங்க பங்கு பிரிச்சுக் குடுக்க வேண்டியிருக்கு."

ஆனால் மேலிடத்துக்கு அனுப்புகிற விளக்கத்தில் மூன்று பெயரை எழுத முடியாது, ஒரு பெயர்தான் எழுத முடியும் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். "என் பேரை எழுதுங்க" என்றாள் மார்ஜின். மேடம் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இந்தக் கதை இன்னும் இனிப்பாக இருந்திருக்கும். ஆனால் மேடம் நியாயமானவர், இனிப்பானவர் இல்லை.

தீர்ப்பு இப்படி ஆனது. நாலாம் வகுப்புப் படங்கள் ஓவியத் தம்பிக்கே. வெளியே காத்திருந்தவரிடம் மேடம் வேறொரு கதைப்புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். சரியான படத்தைப் பின்புறம் பசை தடவிய தாளில் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளைகளே தங்கள் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சரியாகப் பார்த்த அந்தச் சிறுமிக்கு மன்னிப்பும் நன்றியும் சொல்லி மார்ஜின் கைப்படக் கடிதம் எழுத வேண்டும். கடைசியாக, இந்த ஒரு வருஷம் மார்ஜினுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. நாலாம் வகுப்புப் பக்கங்களை வெளியே கொடுத்துச் செய்துகொள்வார்கள். அவள் ஆசிரியர் கையேடுகளை அமைக்க வேண்டும். ஆசிரியர் கையேட்டில் படம் ஒன்றுகூட இருக்காது. முதலிலிருந்து கடைசி வரை எழுத்து, எழுத்து, எழுத்து.

"வேலை இருக்கு" என்றார் மேடம். "அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு மேல என்னால முடியாது."

"இதுவே பெரிசு மேடம்" என்றாள் அவள். வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை.

வெளியே வந்து, மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னல் பக்கம் நின்று, ஓவியத் தம்பிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். நாலாம் வகுப்பு உனக்குத்தான், அறுபது படமும், நாளைக்கு மேடம் கூப்பிடுவார், கூப்பிடும்போது அசடு வழியாதே என்றாள். அவன், "உங்களுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். அதையும் சொன்னாள்.

"அப்ப என் பக்கமெல்லாம் வேற யாரோ போடப் போறாங்களா? அப்படின்னா எனக்கும் வேண்டாம்க்கா."

"அடி விழும்" என்றாள் அவள். "வரைஞ்சு குடு ஒழுங்கா. வெளியில செய்யறவங்களுக்குக் குறிப்பு எழுதறது என் வேலைதான், அதை யாரும் எடுத்துக்கல. முதல் வரி என்ன தெரியுமா? படத்தை எந்தப் பக்கமும் வெட்டக் கூடாது. ரெண்டாவது வரி, திருப்பக் கூடாது. வெட்டினாங்கன்னா நான் நேர்ல போய் உட்கார்ந்துடுவேன்."

அவன் சிரித்தான். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவள் போனை வைத்திருக்கலாம், வைக்கவில்லை. படியில் ஒருவர் ஏறி வந்தார்; அவர் போகும் வரை காத்திருந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், குறுக்கப் பேசாம கேளு. இருபது வருஷமா நான் பக்கம் போடறேன். பக்கம் நல்லா இருந்தா, பாடம் நல்லா இருக்கும்பாங்க, படம் நல்லா இருக்கும்பாங்க. நடுவுல ஒருத்தி உட்கார்ந்து தள்ளித் தள்ளி வெச்சிருக்கான்னு எவனும் பாத்ததில்ல. அதுக்காக நான் வருத்தப்பட்டதும் இல்ல. என் வேலையே கண்ணுல படாம இருக்கறதுதான். எங்க வீட்டுக்காரருக்கே நான் டைப் அடிக்கறேன்னுதான் இத்தனை வருஷமா நெனப்பு. நீ பாத்திருக்கே. ஒரு செருப்பைப் பாத்திருக்கே. அதை மனசுல வெச்சுக்கிட்டு உன் வேலையவே என் பேருக்கு எழுதி வைக்கப் பாத்தே. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரொம்ப நன்றிடா."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அக்கா" என்றான் கடைசியில். "சாப்பிட்டீங்களா?"

மணி நாலாகப் போகிறது. காலையிலிருந்து வயிற்றில் பாதி டீதான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்; வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.